ஆவாரையும் பாலாறும்: வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தின் வறள்நிலத் தாவரங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுப் படுகை தோல் பதனிடும் தொழிலின் மையமாக உருவானதற்கு ஆற்று நீர், கால்நடை வளம், இசுலாமிய வணிகக் குடும்பங்களின் முதலீடு, தலித் தொழிலாளர்களின் உழைப்பு, 1856ஆம் ஆண்டிலேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில் எனப் பல காரணங்களை வரலாற்றாசிரியர்கள் எடுத்துரைப்பர். இவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய மற்றொரு காரணம், இப்பகுதியின் தரிசுகளிலும் கரடுகளிலும் விதைப்பாரும் நீர் ஊற்றுவாரும் இன்றி வளர்ந்த ஆவாரை. இச்செடியின் பட்டையே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் இத்தொழிலைத் தாங்கி நின்ற மூலப்பொருள். ஆவாரையையும் அதனோடு சேர்ந்து வளரும் வறள்நிலத் தாவரங்களையும் இவ்வட்டார மக்கள் எவ்வாறு பயன்படுத்தினர், அவற்றின் சூழலியல் மதிப்பு யாது, தோல் கழிவால் கெட்டுப்போன நிலத்தை மீட்பதில் அவற்றுக்கு எந்த அளவுக்குப் பங்கு உண்டு என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் தாவரமும்

ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தைப் போன்றதொரு பாலைவனம் தமிழ்நாட்டில் இல்லை. வேலூர்ப் பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. எனினும் மழை சில வாரங்களுக்குள் கொட்டி ஓய்ந்துவிடுவதாலும், கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதாலும், பாறையும் சரளையும் கலந்த மேட்டு மண்ணில் நீர் தங்காததாலும், ஆண்டின் பெரும்பகுதியில் இங்குள்ள செடிகள் பாலைநிலச் செடிகளைப் போலவே வாழ வேண்டியுள்ளது. சிறிய இலை, முள், தடித்த பட்டை, ஆழமாக இறங்கும் வேர், வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் ஆகியவை இத்தகைய வாழ்வுக்கான தகவமைப்புகள். இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் ஆகியோரின் 1968ஆம் ஆண்டு நூல் இவ்வகைத் தாவரக் கூட்டத்தைத் தென்னிந்திய வெப்பமண்டல முட்காடு என்னும் பிரிவில் வைக்கிறது.

ஆவாரை, கொன்றை, கருவேலம், வெள்வேலம், உசிலை, வன்னி, இலந்தை, விராலி, கொளிஞ்சி, எருக்கு, சங்கஞ்செடி ஆகியவை இக்கூட்டத்தின் முதன்மையான உறுப்புகள். வேம்பும் புங்கமும் ஊர் ஓரங்களிலும் ஓடைக் கரைகளிலும் இவற்றோடு சேர்கின்றன. வருவாய்த் துறைப் பதிவேடுகள் இவை வளரும் இடங்களில் பெரும்பாலானவற்றைத் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் குறிக்கின்றன. வரி கிடைக்காத நிலத்தைப் பயனற்ற நிலமாகக் கருதிய காலனியக் கணக்குமுறையின் எச்சமே இது. ஆனால் ஊர் மக்களின் நடைமுறையில் இந்நிலங்கள் ஒருபோதும் பயனற்றவையாக இருந்ததில்லை.

ஊர்ப் பயன்பாடுகள்

உழவில் இத்தாவரங்களின் முதற்பயன் தழையுரம். ஆவாரை, எருக்கு, கொளிஞ்சி, புங்கம் ஆகியவற்றின் தழையை வெட்டி வந்து, நடவுக்கு முன் சேற்றில் மிதித்து அழுகவிடுவது வேதியுரம் பரவுவதற்கு முன்பு நெல் வேளாண்மையின் இன்றியமையாத பணியாக இருந்தது. உப்பும் காரமும் ஏறிய களர் நிலத்துக்கு எருக்கும் ஆவாரையும் ஏற்றவை என்பது உழவர்களின் பட்டறிவு. அழுகும் தழை மண்ணைப் பொலபொலப்பாக்குவதால் உப்பு மழைநீரில் கரைந்து கீழிறங்க வழி ஏற்படுகிறது என்பது அதற்கான அறிவியல் விளக்கம். கருவேலங்கட்டை ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உதவியது. கருவேலம், வெள்வேலம் ஆகியவற்றின் நெற்றுகள் கோடையில் புல் கருகிய பிறகு ஆடுகளுக்குத் தீவனமாயின. உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்புத்தூள் தலை தேய்த்துக் குளிக்கப் பயன்பட்டது. வெள்வேலம்பட்டை நாட்டுச் சாராயம் காய்ச்சுவதில் சேர்க்கப்பட்டதையும் இப்பட்டியலிலிருந்து விலக்க இயலாது.

மருத்துவத்தில் ஆவாரைக்குத் தனி இடம் உண்டு. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகிய ஏழு சரக்குகள் சேர்ந்த ஆவாரைக் குடிநீர், நீரிழிவு நோய்க்குச் சித்த மருத்துவர்கள் இன்றளவும் வழங்கும் கஷாயம். ஆவாரம்பூவை உலர்த்திக் குளியல் மாவில் சேர்ப்பதும், பருப்போடு கூட்டாகச் சமைப்பதும் வீட்டு வழக்கங்கள். பொங்கலுக்கு முன் வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டு வாசலிலும் வயலிலும் காப்புக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. நஞ்சை உழவும் மருந்தும் சமையலும் சடங்கும் இவ்வாறு ஒரே புதர்க்காட்டைச் சார்ந்திருந்ததால், செடியை வேரோடு பறிக்காமல் கிளையை மட்டும் ஒடித்து எடுக்கும் கட்டுப்பாடு எழுதப்படாத விதியாக நிலைபெற்றது. மறுமுறை துளிர்க்காத செடியால் அடுத்த ஆண்டு யாருக்கும் பயனில்லை.

பட்டைத் தொட்டியில் ஆவாரை

தோல் பதனிடுதல் என்பது அழுகும் தன்மையுள்ள பச்சைத்தோலை அழுகாத பொருளாக மாற்றும் வேதிவினை. தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம். தாவரங்களிலுள்ள டானின் எனப்படும் துவர்ப்பொருள் அந்த நார்களோடு பிணைந்து நீரையும் நுண்ணுயிரையும் விலக்குகிறது. இலையையும் பட்டையையும் தின்ன வரும் உயிர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வதற்காகச் செடிகள் உருவாக்கும் பொருள் இது. ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை டானின் உள்ளது. கொன்றைப்பட்டையும் கருவேலம்பட்டையும் இதே வகையைச் சேர்ந்தவை. கருவேலம்பட்டை கான்பூர் முதலிய வட இந்தியத் தொழில் மையங்களில் செல்வாக்குப் பெற்றது. தென்னிந்தியாவிலோ ஆவாரையே முதலிடம் பெற்றது.

பதனிடும் முறையை உற்று நோக்கினால் இச்செடியின் தனிச்சிறப்பு விளங்கும். உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து, பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிரையும் உட்புறச் சவ்வையும் சீவி, சுண்ணாம்பு நீங்க அலசிய பிறகு பட்டைத் தொட்டிக்குக் கொண்டுசெல்வர். எடுத்த எடுப்பிலேயே செறிந்த பட்டைச்சாற்றில் இட்டால் தோலின் மேற்பரப்பு மட்டும் இறுகி உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும் என்பதால், பலமுறை பயன்படுத்தி நீர்த்துப்போன பழைய சாற்றில் தொடங்கி, படிப்படியாகப் புதிய, வலுவான சாற்றுக்கு மாற்றுவர். இதற்குப் பல நாள்கள், கனத்த மாட்டுத்தோலாயின் பல வாரங்கள் பிடிக்கும். ஆவாரையால் பதப்பட்ட தோல் மென்மையும் வெளிர்நிறமும் உடையதாயினும் வெயில் பட்டால் சிவந்துவிடும். இக்குறையைப் போக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்ப்பர். கடுக்காயின் டானின் வேறு வகையைச் சேர்ந்தது, நீரால் பகுக்கப்படக்கூடியது, தோலின் நிறத்தைக் காப்பது. இறுதியாகப் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி நிழலில் உலர்த்துவர். சமவெளிப் புதரிலிருந்து பட்டை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து கடுக்காய், ஓடைக் கரையிலிருந்து புங்க எண்ணெய் என முழுத் தொழில்நுட்பமும் சுற்றுப்புறத் தாவரங்களின் மீதே கட்டப்பட்டிருந்தது.

இவ்வாறு பாதி பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியக் கிப்’ என்னும் பெயரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குச் சென்றது. பிற்காலத்தில் வணிக வழக்கில் இது ‘ஈ.ஐ. தோல்’ எனச் சுருங்கியது. முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காலணித் தேவைக்காகப் பிரித்தானிய அரசு இத்தோலைப் பேரளவில் கொள்முதல் செய்தது. தேவை பெருகியபோது காட்டுப் புதர்களிலிருந்து வெட்டி எடுத்த பட்டை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையும், பின்னர் அதன் சாற்றுத்தூளும் ஆவாரையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வாட்டில் மரம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்பட்டு, அங்குள்ள சோலைப் புல்வெளிகளை விழுங்கும் ஆக்கிரமிப்பு மரமாக மாறியது. சமவெளியில் ஒரு நாட்டுச் செடி கைவிடப்பட்டதன் விளைவை மலையுச்சிப் புல்வெளியும் ஏற்க நேர்ந்தது.

குரோமியமும் உப்பும்

குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷூல்ட்சும், எளிமைப்படுத்திய வடிவத்துக்கு 1893இல் மார்ட்டின் டென்னிசும் காப்புரிமை பெற்றனர். சென்னையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இம்முறையைச் சோதித்தார். அடுத்துப் பல்லாவரத்துக்கு அருகே தொடங்கப்பட்ட குரோம் லெதர் ஆலையின் பெயரே இன்று குரோம்பேட்டை என நிலைத்துள்ளது. எனினும் பாலாற்றுக் கரையில் பட்டைத் தொட்டிகள் நீண்ட காலம் தாக்குப்பிடித்தன. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுமையாகச் செய்துமுடித்த தோலையும் காலணி முதலிய பொருள்களையும் இந்திய அரசு ஊக்குவித்த பிறகே குரோமிய முறை இவ்வட்டாரத்தில் மேலோங்கியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாள்களில் முடிந்தது; ஏற்றுமதி வளர்ந்தது; கழிவுநீரும் பெருகியது.

அதன் விளைவு நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியுள்ளது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வை எடுத்துரைத்தது. ஒரு கிலோ தோலைச் செய்துமுடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும் அது சுட்டிக்காட்டியது. கேடு விளைவித்தவரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சூழல் சட்டத்தின் அங்கமாக நிலைபெற்றது இத்தீர்ப்பின் வழியாகத்தான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

இக்கேட்டில் குரோமியத்தின் பங்கும் உப்பின் பங்கும் பிரித்தறியப்பட வேண்டியவை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியல் போன்ற இடங்களில் குரோமியமே பெரிய அச்சுறுத்தல். ஆனால் பரந்த விளைநிலத்தையும் கிணறுகளையும் கெடுத்ததில் முதன்மையானது, பச்சைத்தோல் அழுகாமலிருக்க இடப்படும் சாதாரண உப்பு. அவ்வுப்பு ஊறல்நீரோடு வெளியேறி மண்ணில் படிகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரியல் முறையால் கரிமக் கழிவு நீங்கினாலும் உப்பு நீங்குவதில்லை; எதிர்ச்சவ்வூடுபரவல் முறையால் நீரை மீட்டெடுத்தபின் எஞ்சும் கலப்பு உப்பு எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாத பொருளாகக் கிடங்குகளில் தேங்குகிறது.

ஆகவே பட்டைத் தொட்டிக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் ஆய்வுக்கு நிற்காது. ஆவாரையால் பதனிட்டாலும் குரோமியத்தால் பதனிட்டாலும் தொடக்கத்தில் இடும் உப்பு ஒன்றே. பட்டைக் கழிவுநீரும் கருநிறமுடையது; எளிதில் சிதையாத டானினைக் கொண்டது; நீர்நிலைகளின் உயிர்வளியைக் குறைப்பது. தோலின் எடைக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ பட்டை தேவைப்படும் ஒரு முறையை இன்றைய உற்பத்தி அளவுக்கு விரித்தால், எஞ்சியிருக்கும் புதர்க்காடும் மொட்டையடிக்கப்பட்டுவிடும். சிறிய அளவில், உயர்ந்த விலைக்கு விற்கும் கைவினைத் தோலுக்கு ஆவாரை பொருந்தலாம். முழுத் தொழிலுக்கும் மாற்றாக அமையாது.

சூழலியல் மதிப்பு

ஆவாரையின் இன்றைய மதிப்பு தொட்டிக்கு வெளியே, அது நிற்கும் நிலத்தில் உள்ளது. ஆடுமாடுகள் பொதுவாக அதை விரும்பி மேய்வதில்லை என்பதால், மேய்ச்சலால் நலிந்த தரிசில் முதலில் நிலைபெறும் செடிகளுள் அதுவும் ஒன்றாக இருந்து, தன் நிழலிலும் மறைவிலும் பிற விதைகள் முளைக்க இடம் தருகிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அதன் பேரினமான சென்னாவில் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் வேர்முடிச்சுகள் பொதுவாக உண்டாவதில்லை. அப்பணியைக் கொளிஞ்சி, கருவேலம், வெள்வேலம், வன்னி ஆகியவை செய்கின்றன. ஒரு செடியைத் தனியே புகழ்வதைவிடக் கூட்டத்தைக் காப்பதே அறிவுடைமை என்பதற்கு இதுவே சான்று.

ஆவாரம்பூவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள் உள்ளன. மேலேயுள்ள மூன்று மலடானவை. பூவில் தேன் இல்லை. மகரந்தம், நுனியில் சிறு துளையுள்ள பைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. தச்சு வண்டு எனப்படும் கருந்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் பறக்கும் தசைகளை அதிரச் செய்யும்போதுதான் மகரந்தம் துளை வழியே பீய்ச்சி வெளியேறுகிறது. பூவின் மேல் நின்றபடி அது எழுப்பும் ரீங்காரம் இந்த அதிர்வின் ஓசையே. இதே தேனீக்கள் சுற்றுவட்டாரக் கத்தரி, தக்காளி ஆகியவற்றின் பூக்களையும் அதிர்வு முறையால் மகரந்தச் சேர்க்கைக்கு உள்ளாக்குகின்றன. ஆகவே தரிசிலுள்ள ஆவாரைக்கும் தோட்டத்து விளைச்சலுக்கும் தொடர்பு உண்டு. வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களுக்குச் சென்னா இனச் செடிகளின் இலைகளே உணவு.

வன்னியின் மதிப்பைத் தார்ப் பாலைவனம் விளக்குகிறது. ராஜஸ்தான் மாநிலத்தின் மரமாக அறிவிக்கப்பட்டுள்ள வன்னி, ஆழத்து நீரைத் தேடிச் செல்லும் வேரால் மேற்பரப்புப் பயிரோடு போட்டியிடாமல் நிற்பதால், அங்குள்ள உழவர் அதைக் கம்பு வயலுக்கு நடுவிலேயே விட்டுவைக்கின்றனர். அதன் காய் உணவாகவும் தழை தீவனமாகவும் பயன்படுகின்றன. ஜோத்பூரிலுள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மரங்களை வேளாண்மையோடு இணைத்து ஆராய்ந்துள்ளது. தமிழ்நாட்டில் விருத்தாசலம் முதலிய கோயில்களில் தலமரமாக வணங்கப்படும் அதே வன்னி, வயல் மரமாகப் பெரிதும் கவனம் பெறவில்லை.

நாட்டு மரங்களைப் புறக்கணித்ததன் விளைவுக்குச் சீமைக்கருவேலம் எடுத்துக்காட்டு. 1870களில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோமின் முயற்சியால் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைக்கப்பட்டு, 1877இல் வறண்ட கடப்பைப் பகுதியில் நடப்பட்ட இம்மரம், விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் வரமாகக் கருதப்பட்டது. உப்பையும் வறட்சியையும் தாங்குவதால், பாலாற்றுப் படுகையிலும் கைவிடப்பட்ட வயல்களிலும் அது எளிதில் பரவியது. கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது வருவாய் தருகிறது என்பது உண்மை. அதன் அடியில் நாட்டுச் செடிகள் தழைப்பதில்லை என்பதும் உண்மை. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அகற்றிய இடத்தில் உடனடியாக நாட்டுத் தாவரத்தை நிலைநிறுத்தாவிட்டால் சீமைக்கருவேலமே மீண்டும் முளைக்கும் என்பதால், வெட்டுவதைவிட நட்டுக் காப்பதே கடினமான பணி.

மீட்பின் எல்லை

உப்பைத் தாங்குவதோடு நில்லாமல் அதை உறிஞ்சித் தம் உடலில் சேர்க்கும் செடிகளை உவர்நிலத் தாவரங்கள் என்பர். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடற்கரை உவர்மண்ணில் வளரும் உமரிச் செடி ஒரு ஹெக்டேரிலிருந்து நான்கு மாதங்களில் 504 கிலோ உப்பையும், செசுவியம் என்னும் படர்செடி 474 கிலோ உப்பையும் அகற்றக்கூடும். நம்பிக்கை தரும் எண்கள் இவை. எனினும் வழக்கமான முறையில் ஒரு டன் பச்சைத்தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 400 கிலோ உப்பு இடப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால், ஒரு ஹெக்டேர் உமரி நான்கு மாதம் உழைத்து நீக்குவது ஒன்றேகால் டன் தோலுக்கான உப்பையே. வளர்ந்த செடியை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால், இலை உதிர்ந்து அந்த உப்பும் மண்ணுக்கே திரும்பும். பழைய காயத்தை ஆற்றச் செடிகளால் இயலும். நாள்தோறும் புதிதாக விழும் உப்பை அவற்றால் ஈடுகட்ட இயலாது.

எனவே மீட்பின் வரிசைமுறை தெளிவானது. முதலாவது, உப்பு நிலத்துக்கு வருவதை நிறுத்துதல். குறைந்த உப்பில் தோலைக் காக்கும் முறைகளும், தோலிலுள்ள உப்பை ஊறவைப்பதற்கு முன்பே உதறி எடுப்பதும் இதற்கு உதவும். இரண்டாவது, மிகையாக உப்பேறிய நிலத்தில் உமரி போன்றவற்றை வளர்த்து அறுத்தெடுத்தல். அதைவிடக் குறைவாகக் கெட்ட நிலத்தில் உகா, கருவேலம், புங்கம் போன்ற உவர் தாங்கும் மரங்களை நடுதல். மூன்றாவது, இன்னும் கெடாத கரடுகளிலும் புறம்போக்குகளிலும் ஆவாரைக் கூட்டத்தை அவ்வாறே விட்டுவைத்தல். மரம் நடும் திட்டம் என்ற பெயரில் இப்புதர்க்காட்டைப் பொக்லைனால் வழித்துவிட்டு அலங்கார மரக்கன்று நடுவது மீட்பு ஆகாது.

தரிசு என்று கணக்கில் எழுதப்பட்ட நிலமே இவ்வட்டாரத்துக்கு முதலில் தொழிலைத் தந்தது. அத்தொழில் விளைநிலத்தைத் தரிசாக்கியது. இந்நிலங்களை மீட்க வகுக்கப்படும் எந்தத் திட்டமும், இழப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதியை நாட்டுத் தாவர நாற்றங்கால்களுக்கு ஒதுக்குவதையும், ஆவாரை நிற்கும் புறம்போக்குகளை ஊராட்சி வாரியாகப் பதிவு செய்து காப்பதையும் கட்டாயக் கூறுகளாகக் கொள்ள வேண்டும்.